தலைகீழ்க் குச்சி

அந்தக் குடியிருப்பில் அவளுக்கென்று ஒரு பெயர் இருந்ததையே எல்லோரும் மறந்துவிட்டார்கள். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் ‘செடி ஆன்ட்டி’தான். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுப்பது அவள் வேலை. அங்கே அவளை ஏறெடுத்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை, பல்வலிக்காரனுக்கு டாக்டரைத் தவிர வேறு யார் கண்ணில் படுவார்கள்? ஆனால் ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடிக்கு வந்துவிட்டால் அவள் ராஜ்ஜியம். பிள்ளைகள் அவளைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து, அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். “உங்க கைராசியே தனி” என்று யாராவது சொன்னால், “அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க” என்று அவள் சொல்லும் விதத்திலேயே எல்லாம் இருக்கிறது என்பது தெரியும்.

செம்பருத்திக் குச்சி நடக் கற்றுக்கொடுத்த அன்று அவள் வழக்கத்தை விட உற்சாகமாக இருந்தாள். தன் பால்கனித் தொட்டியில் இருந்த தாய்ச்செடியிலிருந்து எல்லோருக்கும் குச்சி வெட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

“நல்லா பாருங்க. அடிப்பக்கம் சாய்வா வெட்டணும். மேல்பக்கம் நேரா வெட்டணும். எதுக்குன்னு சொல்லுங்க பார்ப்போம்?”

“அழகுக்கு!” என்றது ஒரு குரல்.

“இல்ல. இலையெல்லாம் எடுத்துட்டா எது கால், எது தலைன்னு குழம்பிடும். சாய்வா இருக்கிறது கால். அது மண்ணுக்குள்ள. மாத்தி நட்டுட்டீங்கன்னா, அப்புறம் நீங்க தலைகீழா நின்னாலும் வேர் வராது.”

“தலைகீழா நட்டா குச்சிக்குத் தலை சுத்துமா ஆன்ட்டி?”

கேட்டது வாயாடி. தரைத்தளத்தில் பின்பக்க வீட்டில் இருக்கும் தையல்காரம்மாவின் மகள். கேள்வி கேட்காமல் அந்தப் பெண்ணால் ஒரு படிகூட ஏற முடியாது. எல்லோரும் சிரித்தார்கள். செடி ஆன்ட்டியும் சிரித்தாள். சிரிக்காமல் இருந்தது அவளுடைய சொந்த மகள் ஒருத்திதான், ஏனென்றால் அவள் அப்போது அங்கே இல்லை. முதலில் தண்ணீர் எடுத்துவர, பிறகு மறந்துபோன கத்தரியை எடுத்துவர என்று அம்மா அவளை மாடிக்கும் வீட்டுக்குமாக விரட்டிக்கொண்டே இருந்தாள். டீச்சர் வீட்டுப் பிள்ளைதானே, எப்போது வேண்டுமானாலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று நினைப்பு.

மண் நிரப்பிய டம்ளர்களில் குச்சிகளை நட்டு, மேல்வெட்டு காய்ந்துபோகாமல் இருக்க ஒவ்வொன்றின் தலையிலும் களிமண் உருண்டை வைத்தார்கள். குச்சிகள் தொப்பி போட்டுக்கொண்டு நின்றன. மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்த வெள்ளை பிளாஸ்திரியில் பிள்ளைகள் ஆளுக்கொரு படம் வரைந்து தங்கள் டம்ளரில் ஒட்டினார்கள். வாயாடி நட்சத்திரம் வரைந்தாள். மகள் ஓடி வந்து, மூச்சு வாங்க தன் குச்சியையும் நட்டுத் தொப்பி வைத்து, மீன் வரைந்து ஒட்டினாள்.

அவரவர் டம்ளர் அவரவர் வீட்டுக்குப் போயிற்று. வாயாடி மட்டும் படியிலேயே நின்றாள்.

“எங்க வீட்டுல வெயிலே வராது ஆன்ட்டி. பகல்லயே லைட் போட்டுத்தான் அம்மா தைக்கிறாங்க.”

“அதனால என்ன? என் பால்கனியில வெச்சுக்கோ. தினமும் வந்து பாத்துட்டுப் போ.”

தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு மேலே வந்து, “ரொம்ப நன்றிக்கா, உங்களை நம்பித்தான் விட்டிருக்கா” என்று சொல்லிவிட்டுப் போனார். நட்சத்திரமும் மீனும் பால்கனிச் சுவரோரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன.

வாயாடி பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வருவாள். குனிந்து பார்ப்பாள். “இன்னும் வரல ஆன்ட்டி. உள்ள வேர் வந்திருக்குமா? பிடுங்கிப் பாக்கலாமா? சரி, பிடுங்கல. தொட்டுப் பாக்கலாமா? சரி, தொடல.” பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்து வருவது நின்றுபோனது.

அவள் வராத நாட்களில்தான் நட்சத்திரம் துளிர்த்தது. தொப்பிக்குக் கீழே பச்சைப் பொட்டு, பிறகு இரண்டு குட்டி இலை, பிறகு பக்கவாட்டில் இன்னொன்று. மீன் டம்ளரில் குச்சி குச்சியாகவே நின்றது. செடி ஆன்ட்டி அதை வெயிலுக்கு நகர்த்தினாள், நிழலுக்கு நகர்த்தினாள், தண்ணீரைக் குறைத்தாள், கூட்டினாள். தோல் கறுத்துச் சுருங்க ஆரம்பித்தது. மகள் அந்தப் பக்கமே வருவதில்லை. அம்மா கூப்பிட்டாலும், “ஹோம்வொர்க் இருக்கு” என்று நழுவிவிடுவாள். பாவம், பிள்ளை மனசு உடைந்து போயிருக்கிறது என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளரம்மா லிஃப்டில் அவளைப் பிடித்தார்.

“வர்ற ஞாயித்துக்கிழமை எல்லாப் பிள்ளைங்க செடியையும் கீழ ஹால்ல வெச்சிடலாம். பெத்தவங்க எல்லாரும் வரட்டும். உங்க பொண்ணோடதை நடுவுல வைக்கணும், சொல்லிட்டேன். அதுதானே பெரிசா இருக்கும்? டீச்சர் வீட்டுச் செடியாச்சே!”

“பாக்கலாம், பாக்கலாம்” என்றாள் அவள். ‘எங்களோடது வரலைங்க’ என்று இரண்டே வார்த்தை. நான்காவது மாடி வருவதற்குள் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை.

ஞாயிறு காலை, மகள் எழுந்திருக்கும் முன்பே அவள் பால்கனிக்குப் போனாள். பெரிய வேலை ஒன்றும் இல்லை. மீன் பிளாஸ்திரியை உரித்தாள், நட்சத்திரப் பிளாஸ்திரியை உரித்தாள், இதை அதில் ஒட்டினாள், அதை இதில் ஒட்டினாள். விரலால் அழுத்தித் தேய்த்தாள். எல்லாம் ஒரே தாய்ச்செடிக் குச்சிதானே, யாருக்குத் தெரியப்போகிறது? வாயாடிக்குத் தன் செடி துளிர்த்ததே தெரியாது. தெரியாத ஒன்றை இழந்தால் வலிக்கவா போகிறது? எல்லாம் மகள் முகம் வாடக் கூடாது என்பதற்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சுத்தப் பொய். மகள் முகம் அவள் நினைப்பில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. செயலாளரம்மாவின் முகம்தான் இருந்தது.

கீழே ஹாலில் நீள மேசை போட்டிருந்தார்கள். மீன் டம்ளர் நடுவில் உட்கார்ந்து இலையை விரித்துக்கொண்டிருந்தது. எல்லோரும் குனிந்து பார்த்து, “பின்ன, சும்மாவா?” என்றார்கள். மகள் மட்டும் மேசைக்கு ஓரடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். “செடியைத் தூக்கிப் பிடி, போட்டோ எடுக்கலாம்” என்று செயலாளரம்மா சொன்னபோது தலையை மட்டும் ஆட்டினாள்.

“கூச்சம்” என்று அம்மா சிரித்தாள்.

வாயாடி தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். காய்ச்சலில் முகம் சின்னதாகிப் போயிருந்தது. ஓரத்தில் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்து ஓடினாள். கறுத்த குச்சியைப் பார்த்தாள். மெதுவாகத் தொட்டாள். காய்ந்த களிமண் தொப்பி பொடிந்து விழுந்தது.

தொப்பி இருந்த இடத்தில் சாய்வான வெட்டு.

“ஆன்ட்டி... கால் மேல இருக்கு” என்றாள் வாயாடி. “நான் நேராத்தான் நட்டேன் ஆன்ட்டி. சாய்வு மண்ணுக்குள்ள. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.”

செடி ஆன்ட்டிக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. தான் மாற்றியது பட்டுப்போன குச்சியை என்றுதான் அவளுக்குத் தெரியும். அது தலைகீழாக நட்ட குச்சி என்று தெரியாது. யோசிக்க நேரமில்லை, எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

“நீதான் நேரா நட்டேன்னு சொல்ற, குச்சி வேற சொல்லுதே!” என்று செயலாளரம்மா சிரித்தார். “வாய் மட்டும் போதாது பாப்பா, காதையும் திறந்து வெச்சிருக்கணும்.”

இப்போதாவது அவள் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கத்தான் செய்தாள்.

“பரவால்ல கண்ணு. அவசரத்துல மாத்தி நட்டுட்ட. எல்லாருக்கும் நடக்கிறதுதான். வேற குச்சி தரேன்.”

வாயாடி அவளை நிமிர்ந்து பார்த்தாள். செடி விஷயத்தில் ஆன்ட்டி சொன்னால் சொன்னதுதான். அந்தச் சின்ன முகத்தில் சந்தேகம் வந்தது, ஆன்ட்டி மேல் அல்ல.

“அப்ப நான்தான் மறந்துட்டேன் போல” என்றாள்.

தையல்காரம்மா மகளின் தலையில் கை வைத்தார். “காய்ச்சல்லயும் என் நட்சத்திரம் என்னாச்சுன்னுதான் கேட்டுக்கிட்டே கிடந்தா” என்று பொதுவாகச் சொன்னார். வாயாடி அதற்கப்புறம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

செடி ஆன்ட்டி மாடியேறி வந்து கதவைச் சாத்தியதும் அவள் மகள் சொன்னாள்:

“தலைகீழா நட்டது நான்தாம்மா.”

அம்மா கைப்பிடியில் வைத்த கையை எடுக்கவில்லை.

“நீ என்னைத் தண்ணி எடுத்துட்டு வரச் சொன்ன. நான் வர்றதுக்குள்ள எல்லாரும் நட்டுட்டாங்க. கூரா இருக்கிறதுதான் மேலன்னு நினைச்சேன், பென்சில் மாதிரி. அப்புறம்தான் வேற யாரோ சொல்லித் தெரிஞ்சுது. டீச்சர் பொண்ணுக்கே தெரியலன்னு சிரிப்பாங்க, உனக்கும் அசிங்கம்னு நான் யார்கிட்டயும் சொல்லல.” மகள் மூக்கை உறிஞ்சினாள். “படத்தை நீதானே மாத்தி ஒட்டின?”

‘இல்லை’ என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. அதைக்கூடச் சொல்லப் பார்த்தாளே என்பதுதான் பிறகு நெடுநாள் அவளைக் குத்தியது. மகள் முகத்தைப் பார்க்க முடியாமல், செருப்பு வைக்கும் அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மாவின் மானம் போகக் கூடாது என்று அந்தப் பிள்ளை எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு திரிந்திருக்கிறது. தான் அந்தப் பிள்ளையையே சாக்காக வைத்து இன்னொரு பிள்ளையின் கையிலிருந்து பிடுங்கியிருக்கிறாள்.

“அவ பேசவே இல்லம்மா” என்றாள் மகள். “அவ பேசாம நான் பாத்ததே இல்ல.”

ஹாலில் யாரும் இல்லை. மேசை மேல் இருந்த மீன் டம்ளரை எடுத்துக்கொண்டு அவள் பின்பக்கம் போனாள். போகிற வழியெல்லாம் வாக்கியம் தயாரானது: பால்கனியைக் கழுவும்போது பிளாஸ்திரி நனைந்து விழுந்துவிட்டது, ஒட்டும்போது மாறிப்போய்விட்டது. நல்ல வாக்கியம். எங்கேயும் இடிக்கவில்லை. யாருக்கும் நோகாது. முக்கியமாக அவளுக்கு.

கதவு திறந்தே இருந்தது. குழல்விளக்கின் கீழே தையல்காரம்மா மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார். வெட்டுத்துணிக் குவியலுக்குப் பக்கத்தில் வாயாடி தரையில் உட்கார்ந்திருந்தாள். கையெல்லாம் மண்.

“ஆன்ட்டி, திருப்பி நட்டுட்டேன். இப்ப சாய்வு கீழ இருக்கு. இனிமே மறக்க மாட்டேன். இப்ப வருமா?”

பட்டுப்போன அந்தக் குச்சி நிமிர்ந்து நின்றது. தலையில் புதுத் தொப்பிகூட வைத்திருந்தாள்.

தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் போன இடம் தெரியவில்லை.

“அது உன்னோடது இல்ல கண்ணு. இதுதான் உன்னோடது.” டம்ளரைத் தரையில் வைத்தாள். “நீ காய்ச்சல்ல இருந்தப்பவே துளிர்த்துடுச்சு. என் பொண்ணோடது வரல. எல்லாரும் என்ன நினைப்பாங்களோன்னு, காலைல நான்தான் படத்தை மாத்தி ஒட்டினேன். தெரிஞ்சேதான் ஒட்டினேன்.”

மிஷின் நின்றது.

வாயாடி இலைகளைப் பார்க்கவில்லை. ஆன்ட்டியைத்தான் பார்த்தாள்.

“அப்ப நான் நேராத்தான் நட்டேனா?”

“நேராத்தான் நட்ட.”

“நான் மறக்கலையா?”

“இல்லம்மா. நீ ஒண்ணும் மறக்கல.”

“அம்மா! நான் நேராத்தான் நட்டிருக்கேன்! நான் அப்பவே சொன்னேன்ல?” என்று வாயாடி துள்ளி எழுந்தாள். பிறகுதான் செடிப் பக்கம் குனிந்தாள். எத்தனை இலை, எந்த இலை முதலில் வந்தது, ராத்திரியில் வந்ததா பகலில் வந்ததா என்று கேள்விகள் கொட்டின. ஒவ்வொன்றுக்கும் செடி ஆன்ட்டி பதில் சொன்னாள், தலை நிமிராமல். அந்தப் பெண் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளோ மீன் பிளாஸ்திரியைக் கிழியாமல் பக்குவமாக உரித்து, “இது உங்க பொண்ணோடது ஆன்ட்டி, குடுத்துடுங்க” என்று நீட்டினாள்.

அதை வாங்கிக்கொண்டு அவள் தையல்காரம்மாவின் பக்கம் திரும்பினாள். அவர் ஊசியிலிருந்து நூலைக் கழற்றி மறுபடி கோத்துக்கொண்டிருந்தார்.

“ஹால்ல இருந்தவங்க எல்லார்கிட்டயும் நானே சொல்லிடறேன்” என்றாள் அவள். “அப்புறம்... செடிக்கு இங்க வெயில் பத்தாது. பால்கனியில பழைய இடத்துலயே...”

“வேணாம்க்கா” என்றார் தையல்காரம்மா. குரலில் கோபம் இல்லை. “வெயில் இல்லாட்டியும் பரவால்ல. இங்கயே இருக்கட்டும்.”

அவள் வாசலைத் தாண்டுவதற்குள் மிஷின் மறுபடியும் ஓட ஆரம்பித்துவிட்டது.