பஸ்கானுவை அழைத்து வந்தவர்

டிசம்பரில் சர்வாதிகாரி தலைநகர் புக்காரெஸ்டிலிருந்து ஹெலிகாப்டரில் தப்பி ஓடிய அன்று, எங்கள் ஊர் நகரமன்ற மாடியில் முதலில் ஏறி நின்றவர் என் கணவர் ஆங்கெல். தொழிற்சாலையில் கடைசல் வேலை பார்ப்பவர். கல்யாண வீட்டில்கூடச் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசமாட்டார். கீழே நின்ற ஜனம் அவர் பெயரைச் சொல்லிக் கத்தியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று சாயங்காலமே படைமுகாம் வாசலில் எங்கள் மகன் ஹோரியாவைச் சுட்டுவிட்டார்கள். ராணுவமும் நம் பக்கம் வந்துவிட்டது என்று நம்பி, சிப்பாய்களுக்கு ரொட்டி கொடுக்கப் போனவர்களில் அவனும் ஒருவன். யார் சுட்டது, யார் சுடச் சொன்னது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அவனைப் புதைத்த மறுநாள் ஆங்கெல் நகரமன்றத்துக்குப் போனார். புதுக் குழுவுக்கு அவரைத்தான் தலைவராக்கியிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் நிலக்கரி தீர்ந்து, பிறந்த குழந்தைகள் படுத்திருந்த அறை சில்லிட்டுக் கிடந்தது. எங்கே, யாரிடம் கேட்பது என்று குழுவில் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தவர் ஒருவர்தான்: பழைய ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் துணைச் செயலாளர் பஸ்கானு. அவரோ வீட்டைத் தாழிட்டுக்கொண்டு உள்ளே ஒளிந்திருந்தார். வாசலில் ஒரு கூட்டம் கல்லும் கையுமாக நின்றது.

ஆங்கெல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்.

"தோழர் பஸ்கானு, கோட்டை மாட்டுங்க. நிலக்கரிக்கு ஃபோன் பண்ணணும்."

"ஐயோ, தோழர்னு கூப்பிடாதப்பா! வெளிய காதுல விழுந்தா உரிச்சுருவானுங்க."

"என்கூட வாங்க. யாரும் தொட மாட்டாங்க."

தோளில் கைபோட்டு அவரை அழைத்து வந்தார். மகனைப் புதைத்து ரெண்டு நாள்கூட ஆகாத மனிதரை யார் பிடித்துத் தள்ளுவார்கள்? கற்கள் கீழே விழுந்தன.

பஸ்கானு ஃபோனை எடுத்து யாரையோ பெயர் சொல்லி அழைத்தார், மனைவியின் உடம்பை விசாரித்தார், சிரித்தார். மறுநாள் நிலக்கரி வந்தது. அடுத்து மாவு வந்தது, எண்ணெய் வந்தது. ஜனங்கள் ஆங்கெலைத் தாண்டிப் போய் பஸ்கானுவிடம் கைகுலுக்கினார்கள். பனி உருகுவதற்குள் தலைவர் நாற்காலியில் அவர்தான் உட்கார்ந்திருந்தார்.

"கையெழுத்து, கடுதாசின்னு இந்தத் தலைவலியெல்லாம் உனக்கெதுக்கு ஆங்கெல்? நான் பாத்துக்கறேன்" என்றாராம்.

பக்கத்து வீட்டு சவேட்டாவிடம் நான் புலம்பினேன். "உன் வீட்டுக்காரரு தங்கமானவருதான்டி. ஆனா யாருக்கு ஃபோன் பண்ணணும்னு தெரியலையே" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

மே மாதத் தேர்தலில், பழைய கட்சிக்காரர்கள் பலர் சேர்ந்திருந்த புதிய முன்னணி ஜெயித்தது. பஸ்கானுவை மேயராக்கினார்கள். படைமுகாம் தளபதியை விசாரிக்கவேண்டும் என்று ஆங்கெல் போய்க் கேட்டார். காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டு பஸ்கானு சொன்னார்: "அவரு இப்ப நம்ம ஆளுப்பா. கிளறாத. செத்தவங்க நிம்மதியாத் தூங்கட்டும்."

முதலாம் ஆண்டு நினைவு நாளுக்குச் சதுக்கத்தில் எங்களை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். எங்களுக்கு நாலு நாற்காலி தள்ளி அந்தத் தளபதி. பஸ்கானு "நம்ம ஹோரியா, நம்ம புள்ள" என்று பேசிக்கொண்டே வந்தார். ஆங்கெல் எழுந்தார்.

"நம்ம புள்ளன்னா, அவனச் சுட்டது யாருன்னு சொல்லுங்க."

தளபதி தன் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "இன்னிக்கு வேணாம் ஆங்கெல், உக்காரு" என்றது. பஸ்கானு பேண்டுக்காரர்களுக்குத் தலையசைத்தார். வாத்தியம் முழங்கியது. பிறகும் ஆங்கெலின் வாய் அசைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த எனக்கே கேட்கவில்லை.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். கல்லறைத் தோட்டம் வரை நடந்தோம். அங்கே போனதும், "நான்தானே பஸ்கானுவ இட்டுட்டு வந்தேன்" என்றார்.

"ஆஸ்பத்திரியில கொழந்தைங்க இருந்துச்சுங்க."

"தெரியும். இப்பவும் போய் இட்டுட்டுத்தான் வருவேன். அதான் தாங்கல."

செத்தவர் நினைவாகக் கொடுக்கும் வழக்கப்படி, ஊருக்கே கொடுக்கலாம் என்று கோதுமையை வேகவைத்து, சர்க்கரையும் வால்நட்டும் கலந்து பெரிய தட்டு நிறையக் காலையிலேயே கல்லறையில் கொண்டுபோய் வைத்திருந்தேன். சவேட்டா மட்டும் வந்தாள். நின்றபடியே ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு, செத்தவர்களுக்காக வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள்: "கடவுள் அவன மன்னிக்கட்டும்."

"அவனையா?" என்றார் ஆங்கெல்.

அவள் கரண்டியைத் துடைத்துத் தட்டில் வைத்தாள். முந்தைய வாரமே தளபதிக்குப் பதவி உயர்வோடு மாற்றல் வந்துவிட்டது என்றும், எங்களிடம் சொல்லவேண்டாம் என்று ஊரில் பேசிவைத்துக்கொண்டார்கள் என்றும் தலைகுனிந்தபடி சொன்னாள்.