வரேன்னு சொன்னவள்

சொந்த ஊரில் அவளுக்கு வாயாடி என்று பெயர். பெண் பார்க்க வந்தவர்களையே எதிர்க்கேள்வி கேட்டவள். அப்பேர்ப்பட்டவள் இந்த நகரத்துக்கு வந்த நாலே மாதத்தில் வாயில் கொழுக்கட்டை அடைத்தவள் மாதிரி ஆகிவிட்டாள். பாஷை தெரியாத இடத்தில் வாய் இருந்து என்ன பிரயோஜனம்?

குடியிருந்தது நாலாவது மாடி. ஒரு கதவுக்கு மூன்று பெயர்ப்பலகை. எதிர்வீட்டில் தும்மினால் இவர்கள் காயப்போட்ட துணி நனையும், தெரு அவ்வளவு ஒடுக்கம். அத்தனை ஜனத்துக்கு நடுவில் பகல் முழுக்க அவளோடு பேச ஓர் ஆள் இல்லை. கணவன் பார்சல் கிடங்கில் பெட்டி இறக்கிவிட்டுச் சாயங்காலம் வருவான். வந்ததும் அன்றைய பேச்சு மொத்தமும் அவன் தலையில் இறங்கும்.

"கொஞ்சம் மூச்சு விட்டுக்கோ" என்பான் பாவம்.

அவளுக்கு ஒரு வேலை வேண்டும். இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் சுவரோடு பேச ஆரம்பித்துவிடுவோம் என்று அவளுக்கே பயம். கைவசம் இருந்தது தையல். தெருமுனையில் துணிகளைப் பிடித்தும் தளர்த்தியும் தைத்துக் கொடுக்கும் கடை ஒன்று இருந்தது. கடைக்காரியின் கழுத்தில் எந்நேரமும் கத்திரிக்கோல் தொங்கும். அதனால் கத்திரிக்கோல்காரி என்று இவளாகவே பெயர் சூட்டியிருந்தாள்.

வேலை கேட்பதற்கான வாக்கியங்களைக் கணவன் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"கிளம்பும்போது போயிட்டு வரேன்னு சொல்லணுமே. மொட்டையாவா எழுந்து வர்றது?"

முகச்சவரம் செய்துகொண்டிருந்தவன் கன்னத்து நுரையோடு அதையும் வார்த்தைக்கு வார்த்தை மாற்றிச் சொன்னான்.

கத்திரிக்கோல்காரி ஒரு கால்சட்டையை நீட்டினாள். வாயாடி அடிப்பக்கத்தை மடித்து, வெளியே நூல் தெரியாமல் கையாலேயே தைத்துக் கொடுத்தாள். கடைக்காரி அதை வெளிச்சத்தில் பிடித்துத் தையலைத் தேடிப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் விரித்துப் படபடவென்று ஏதேதோ சொன்னாள். அந்தப் பேச்சில் இவளுக்குப் பிடிபட்டது ஒரே சொல்: இடமில்லை.

முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் வளர்ப்பு விடுமா? நோட்டின் கடைசி வாக்கியத்தைத் திக்காமல் சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினாள். வீட்டுக்கு வந்த பிறகு அழுதாள்.

இரண்டு நாள் கழித்துக் கடையைத் தாண்டும்போது கத்திரிக்கோல்காரி வாசலுக்கே வந்து இடுப்பில் கைவைத்துக் கத்தினாள். தையல் பிரிந்துவிட்டதோ? அன்றிலிருந்து வாயாடி பின்சந்து வழியாகச் சுற்றி நடந்தாள். அந்தச் சந்துக் கடையில் தினமும் ராத்திரி பால் வாங்கிக் கிளம்பும்போதும் மரியாதையாக அதே கடைசி வாக்கியத்தைச் சொன்னாள்; பால்கடைக்காரர் ஏனோ ஷட்டரை முழுக்க இறக்காமல் நின்றார்.

"வா, என்னன்னு கேட்டுடலாம்" என்றான் கணவன்.

"வேணாங்க. திட்டு வாங்க மொழிபெயர்ப்பு வேறயா?"

சனிக்கிழமை காய்கறிக் கடை வரிசையில் இருவரும் நின்றபோது, பின்னாலிருந்து ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. கத்திரிக்கோல்காரிதான். பிடித்த பிடியில் இழுத்துக்கொண்டு போனாள். கணவன் காய்ப் பையோடு பின்னாலேயே ஓடினான். கடைக்குள் போனதும் அவனிடம் அவள் கொட்டித் தீர்த்தாள். கேட்டுக்கொண்டிருந்தவன் சிரிக்கத் தொடங்கினான்.

"ஆளைப் போட்டுத் திட்டுறாங்க, நீங்க சிரிக்கிறீங்களா?"

"வரேன்னு சொன்னவ ஏன் வரலன்னு கேக்குறாங்க."

"நானா? எப்போ?"

"கிளம்பும்போது சொன்னியே. இந்த ஊர்ல அப்படிச் சொன்னா நிஜமாவே வரணும். அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் வாசலையே பாத்துட்டு இருந்தாங்களாம்."

"இடமில்லைன்னாங்களே!"

அவன் கேட்டுச் சொன்னான். "ரெண்டாவது மெஷின் மேல துணி மலையா குமிஞ்சிருந்துச்சாம். உக்கார இடமில்லன்னு சொல்லியிருக்காங்க. நீ வரேன்னதும் எல்லாத்தையும் ஒழிச்சுட்டாங்க. வேலை கேட்டு வந்த ரெண்டு பேரையும், ஆள் வருதுன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டாங்களாம்."

வாயாடி மூலையைப் பார்த்தாள். துடைத்து எண்ணெய் போட்ட மெஷின், முன்னால் ஒரு காலி நாற்காலி. பால்கடைக்காரர் தினமும் இவள் போன பிறகும் ஷட்டரைப் பாதியில் பிடித்துக்கொண்டு ஏன் நின்றார் என்பதும் அப்போதுதான் விளங்கியது. இந்தத் தெருவில் தன்னை யாரும் ஒரு ஆளாகவே நினைக்கவில்லை என்று அழுத நாட்களிலெல்லாம் இங்கே ஒருத்தி தனக்காக நாற்காலி போட்டு வைத்திருக்கிறாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எங்க ஊர்ல போறேன்னு சொல்ல மாட்டோம், அதான் வரேன்னு சொன்னேன்னு சொல்லுங்க."

சொன்னான். கத்திரிக்கோல்காரி புருவத்தை உயர்த்தி ஒரே வரியில் பதில் சொன்னாள்.

"அதெல்லாம் சரி, எப்போ உக்காரப் போறேன்னு கேக்குறாங்க."

வாயாடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தாள். மூன்று கால்சட்டைகள் மடியில் வந்து விழுந்தன.

"இன்னைக்கேவா? அப்போ சமையல்?" என்றான் கணவன்.

"அரிசி மேல்தட்டுல இருக்கு. ஒண்ணுக்கு ரெண்டு தண்ணி வைங்க. விரல நறுக்கிக்காதீங்க. ஜன்னல்ல துணி காயுது, எடுத்து மடிங்க, அப்படியே போடாதீங்க. போன வாரம் மடிச்ச மாதிரி மடிச்சா நானே திரும்ப மடிக்கணும், அது எதுக்கு..."

அவள் நிறுத்துவதாக இல்லை. கத்திரிக்கோல்காரி ஆச்சரியத்தோடு கணவன் பக்கம் திரும்பினாள்.

"இந்தப் பொண்ணு பேசுமா?"

அவன் காய்ப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"இனிமே உங்க பாடு" என்றான் அந்த ஊர்ப் பாஷையிலேயே.