ஒரு சிரிப்புக்கு வேண்டிய வாய்கள்

…இல்லை, விளக்கை மட்டும் அணைக்கக் கூடாது, மேசையைத் தூக்கினாலும் தூக்கலாம், கேமராவைக் கழற்றினாலும் கழற்றலாம், விளக்கை அணைத்துவிட்டு மறுபடி போட்டால் வெளிச்சம் அதே இடத்தில் விழாது, அவள் மூக்கோரத்து நிழல் ஒரு மயிரிழை தள்ளிப்போய் நிற்கும், இத்தனை நாள் எடுத்ததெல்லாம் குப்பைக்குத்தான்… அட மண்டு, மேசையையும் தூக்கி கேமராவையும் கழற்றிவிட்டு விளக்கை மட்டும் எரியவிட்டு எந்த மகராசன் வருவான் என்று காத்திருக்கப் போகிறாய்? காலி பண்ணுவது என்றால் எல்லாமும்தான் காலி. இவர் காலையில் கிளம்பும்போதே சொல்லிவிட்டுத்தான் போனார், ஜன்னலில் ஒட்டியிருக்கிற கறுப்புத் துணியையெல்லாம் எடுத்துடு, அப்பாவுக்கு வெளிச்சமும் காத்தும் வேணும் என்று. வேண்டாம் என்றா சொன்னேன்? மகன் வேலை கிடைத்து வெளியூர் போனதும் இந்தப் பின்னறை எனக்கு வந்தது, இப்போது மாமனாருக்குப் போகிறது, பாத்ரூமை ஒட்டி இருப்பது இது ஒன்றுதான், வேறு எங்கே படுக்க வைப்பது, நியாயம்தான், எல்லாம் நியாயம்தான். ஆஸ்பத்திரிக் கட்டில் நேற்றே வந்து, பிரிக்காமல் கூடத்துச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. டிஸ்சார்ஜ் முடிந்து ஆம்புலன்ஸ் ஏறினதும் போன் பண்ணுவார், அதற்குள் அறை காலியாக வேண்டும், நானோ துடைப்பத்தை ஒரு கையிலும் இடுக்கியை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு பொம்மை முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

பொம்மை என்றால் கடையில் வாங்கினது இல்லை. என் நடுவிரல் உயரம், ஒரு நாற்காலி, ஒரு மேசை, மேசைமேல் ஒரு தட்டு. ஒருத்தி தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எதையோ நினைத்துச் சிரிக்கிறாள், அவ்வளவுதான் படம். இம்மி இம்மியாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு போட்டோ, எல்லாவற்றையும் வேகமாக ஓட்டினால் அவளுக்கு உயிர் வந்துவிடும். இவர் இதைப் பொழுதுபோக்கு என்பார், யாரிடம் சொன்னாலும் பெருமையாகத்தான் சொல்வார், எனக்குத்தான் அந்த வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். போக்குவதற்கு எனக்குப் பொழுது எங்கே இருந்தது? காலையில் சமையல், அப்புறம் பல்செட் செய்கிற லேபில் நாள் முழுக்க ஊரார் வாய்க்கெல்லாம் மெழுகில் பல் அடுக்குவது, சாயங்காலம் மறுபடி சமையல். உனக்குன்னு ஒண்ணு பிடிச்சுக்கோ, மனசுக்கு நல்லது என்று கூட வேலை பார்க்கிறவள் சொல்லிச் சொல்லி, தையலுக்குப் போனேன், கேக் கிளாஸுக்குப் போனேன், யோகாவுக்குப் போய்க் குறட்டை விட்டேன். எல்லாரும் ரசிக்கிறார்களே நமக்கு மட்டும் ஏன் எதுவும் ஒட்டமாட்டேன் என்கிறது, நான் என்ன மரக்கட்டையா என்று பயமாகக்கூட இருந்தது. பிறகு ஒரு மத்தியானம், முதலாளி சாப்பிடப் போயிருந்தார், யாரோ ஒரு பெரியவருக்கான மேல்வரிசையும் கீழ்வரிசையும் என் முன்னால் மெழுகோடு உட்கார்ந்திருந்தன, சும்மா விளையாட்டுக்கு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து போனில் படம் எடுத்து விரலால் வேகமாகத் தள்ளினேன்… சிரித்தது. ஆள் இல்லை, முகம் இல்லை, வெறும் பல் சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது, கல்யாணத்தில் சிலிர்க்கவில்லை, மகன் பிறந்தபோது வலியில் ஒன்றும் தெரியவில்லை, இந்த வயசில், யாரோ ஒருவருடைய பல்செட்டைப் பார்த்துச் சிலிர்த்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

மாமா சிரித்தார், ஆனால் கேலி இல்லை. மாமனாரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவது. இந்த வீட்டுத் தரைக்கு யார் நடந்தாலும் ஓர் அதிர்வு உண்டு, அவர் நடை வேறு தொம் தொம்மென்று இருக்கும், நான் உள்ளேயிருந்து மாமா நில்லுங்க என்று கத்துவேன், டீ டம்ளரோடு நடுக்கூடத்தில் அப்படியே நிற்பார், ஆச்சு மாமா என்றால்தான் அடுத்த அடி வைப்பார். உம் பொண்டாட்டி என்னையும் பொம்மையாக்கிட்டாடா என்று இவரிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். முடிவெட்டுகிற கடை நாற்காலியில், பாதி முகத்தில் சோப்பு நுரையோடு, ஒரு பக்கம் அப்படியே இழுத்துக்கொண்டுவிட்டது. அன்றிலிருந்து பேச்சு இல்லை, மூக்கில் குழாய், ஒரு கண் மட்டும் நம்மைப் பார்க்கிறதா கூரையைப் பார்க்கிறதா தெரியாமல் திறந்திருக்கிறது. டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார், கவலைப்படாதீங்கம்மா, நல்லாப் பாத்துக்கிட்டா இப்படியே பல வருஷம் இருக்கிறவங்க உண்டு என்று. ஆறுதலாகத்தான் சொன்னார். இவர் முகம் மலர்ந்தது, நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், நானும் தலையை ஆட்டினேன், ஆட்டிக்கொண்டே மனசுக்குள் பல வருஷம், பல வருஷம் என்று… சீ, வாயைக் கழுவு. வாயால் எங்கே சொன்னேன்? நாக்குமேல் பல்லைப் போட்டு யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது, லேபில் வேலையை விட்டுவிடுகிறேன் என்று முதலில் சொன்னது யார், நான். குழாய் வழியாகக் கரைத்து ஊற்ற நர்ஸிடம் கற்றுக்கொண்டது யார், நான். அண்ணி மாதிரி யார் வருவா என்று நாத்தனார் ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். காலையில்கூட அவள் போன், அண்ணி, அந்தப் பொம்மை ரூம் காலியாயிடுச்சா? ஆயிடுச்சு என்றேன்.

ஆகவில்லை. சிரிப்பு பாதியில் நிற்கிறது, அதுதான் விஷயம். மூடின வாயிலிருந்து முழுச் சிரிப்பு வரைக்கும் தனித்தனி வாய் செய்து தட்டில் வரிசையாக வைத்திருக்கிறேன், உதடு மட்டும் இழுக்கிற வாய், ஓரத்தில் பல் எட்டிப்பார்க்கிற வாய், அடக்க முடியாமல் பிளக்கிற வாய், லேபில் மிஞ்சின மெழுகில் எல்லாமே என் கையால் செய்தது, ஒன்றை எடுத்துவிட்டு அடுத்ததை முகத்தில் பொருத்த வேண்டும், ஒரு போட்டோ, மறுபடி எடுத்து மறுபடி பொருத்து. பாதிக்கு வந்துவிட்டேன். இப்போது கேமராவைக் கழற்றினால் அவ்வளவுதான், எந்தக் கொம்பனாலும் அதே இடத்தில் திரும்ப உட்கார வைக்க முடியாது, கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாமல் போகும். சரி, ஆம்புலன்ஸ் இன்னும் ஏறவில்லையே, ஆஸ்பத்திரிக் கவுன்ட்டரில் எப்போதும் கூட்டம்தானே, போன் வந்ததும் அப்படியே வாரிச் சுருட்டி எங்கள் கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம், கறுப்புத் துணியைக் கிழிக்க எவ்வளவு நேரம் ஆகும்… துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டேன். எப்போது வைத்தேன் என்றே தெரியவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு முகத்தில் இருந்ததைக் கழற்றிவிட்டுத் தட்டிலிருந்து அந்த ஓரத்துப் பல் வாயை எடுத்தேன், வாய் இல்லாத முகத்தில் அந்த இடம் சின்னக் குழியாக இருந்தது, அப்போதுதான் கூடத்தில் போன் அடித்தது.

எழுந்தால் தரை ஆடும். வாய் வேறு கையில் இருக்கிறது. இதைப் பொருத்திவிட்டுப் போகலாம், பொருத்தினேன், போட்டோ எடுத்தேன், அதற்குள் நின்றுவிட்டது, சரி, கிளம்பியிருப்பார்கள், அதைச் சொல்லத்தான், அடுத்த வாய், எடுத்தேன், அடுத்தது, மறுபடி அடிக்கிறது, இந்த மனுஷனுக்குப் பொறுமையே கிடையாது, வரேன் வரேன் என்று மூச்சைப் பிடித்துப் பூனை மாதிரி நடந்து போய் எடுத்தேன். குரல் இவருடையது மாதிரியே இல்லை. கீழே கொண்டுவந்து வண்டியில் ஏற்றப் போகிற நேரத்தில் மூச்சுத் திணறிவிட்டதாம், திரும்ப ஐ.சி.யூ.வுக்கே கொண்டுபோய்விட்டார்களாம்.

"டாக்டர் என்ன சொல்றார்?" என்று கேட்டேன்.

"சொந்தக்காரங்களுக்குச் சொல்லிடுங்கன்னு சொல்றார்."

ஐயோ என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன், டம்ளரோடு கூடத்தில் நிற்கிற மாமா கண் முன்னால் வந்தார், அது பொய்யில்லை. ஆனால் ஐயோ என்று வாய் சொல்லி முடிப்பதற்குள் என் கண் எங்கே போயிற்று? கதவு இடுக்கு வழியாக, பின்னறைக்குள், விளக்கு எரிகிறதா என்று பார்க்கப் போயிற்று. எரிந்தது. எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. மேலிருந்து யாரோ ஒரு கல்லைத் தூக்கி எடுத்த மாதிரி தோள் இரண்டும் லேசாகின, அதை நான் செய்யவில்லை, தானாகவே ஆனது, ஆனாலும் அது என் தோள்தானே? கட்டில் வந்து இறங்கின நேரத்திலிருந்து நான் காத்துக்கொண்டிருந்தது எந்தப் போனுக்கு?

"ரூமெல்லாம் காலி பண்ணிட்டியா?" என்று கேட்டார், அழுகிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

"பண்ணிட்டேன்."

"பாவம், தனியா என்ன பாடுபட்டியோ. விட்டுடு. நீ கிளம்பி வா."

திட்டியிருக்கலாம். முதல் தடவை ஏன் எடுக்கலை என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்டிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், ஆத்திரத்தில் எல்லாவற்றையும் பிய்த்து எறிந்திருப்பேன், இவர் எப்போதும் இப்படித்தான், நல்லவராக இருந்தே ஆளைக் கொல்வார். வரேன் என்று வைத்தேன். புடவையை மாற்றினேன், பர்ஸை எடுத்தேன், சாவியை எடுத்தேன், விளக்கை அணைத்துவிட்டுப் போக வேண்டும், அணைக்கத்தான் உள்ளே போனேன், சத்தியமாக அதற்குத்தான் போனேன். மிச்சம் இருந்த வாய்கள் தட்டில் கொஞ்சம்தான். ஆட்டோ கிடைக்க எப்படியும் நேரம் ஆகும், போய் மட்டும் என்ன செய்யப் போகிறேன், ஐ.சி.யூ.வுக்குள் ஒருத்தரைத்தான் விடுவார்கள், வெளியே பெஞ்சில்தானே உட்காரப் போகிறேன்… நின்றபடியே வைத்தேன். ஒன்று. இன்னொன்று. கடைசி வாய், எல்லாப் பல்லும் தெரிகிற வாய், அதைப் பொருத்தும்போது மட்டும் அழுதேன், அழுதால் கண் மறைக்கும் என்று தோளில் துடைத்துக்கொண்டு பொருத்தினேன்.

எடுத்ததை அந்தக் கையோடு ஓட்டிப் பார்த்துவிடுவது என் வழக்கம். இந்த வேலையில் பொய் சொல்ல முடியாது, நடுவில் மனசு எங்கே விலகினதோ அதை ஓட்டும்போது காட்டிக்கொடுத்துவிடும், கொரியர்காரன் மணி அடித்த இடத்தில் அவள் கை சற்றே துள்ளும், இவரோடு சண்டை போட்டுவிட்டு வந்து உட்கார்ந்த இடத்தில் கழுத்து வெடுக்கென்று திரும்பும், வேறு யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும், இன்ன இடத்தில் இன்ன சங்கதி என்று விரல் வைத்துக் காட்டுவேன். ஓட்டினேன். உதடு இழுத்தது, ஓரத்தில் பல் எட்டிப்பார்த்தது, அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, வாய்விட்டுச் சிரித்தாள். தண்ணீர் ஓடுகிற மாதிரி ஓடியது. நான் எடுத்ததிலேயே இதுதான் நன்றாக வந்திருக்கிறது. எங்கேயோ ஓர் இடத்தில் தடுக்கியிருக்க வேண்டும், கை ஒரு துளியாவது நடுங்கியிருக்க வேண்டும், குனிந்து திரையில் கண்ணை ஒட்டவைத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தேன், எந்த வாய்க்கும் எந்த வாய்க்கும் நடுவில் அந்தப் போன் வந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பர்ஸைத் தோளில் மாட்டிக்கொண்டு, முதலிலிருந்து இன்னொரு தடவை ஓட்டினேன்.