முன்வண்டி

மரக்காணத்து உப்பு லாரிகளுக்குச் சென்னையில் வழி தெரியாது. முன்னால் போகிற லாரிக்குத் தெரியும், அவ்வளவுதான். நான்கு வண்டிகள் சேர்ந்து கிளம்பும். முதல் வண்டிக்கு முன்வண்டி என்று பேர். வழி பார்ப்பது, போலீஸ்காரரிடம் பேசுவது, டீக்கு நிறுத்துவது எல்லாம் அதன் பொறுப்பு. மற்றவர்கள் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போனால் போதும். பலகை படிக்கிற வேலை அவர்களுக்குக் கிடையாது.

முன்வண்டி கோட்டக்குப்பம் நூருல்லா பாயுடையது. பல வருஷமாகக் கலியன்தான் அதை ஓட்டினான். அதற்கு முன்னால் உப்பளத்தில் கூடை சுமந்தவன். உப்புத் தண்ணீர் அரித்த பாதத்துக்கு கிளட்ச் மெத்தையாக இருந்தது. சீட்டில் உட்கார்ந்த நாளிலிருந்து தலையில் எதையும் தூக்குவதில்லை என்று வைராக்கியம். வீட்டில் தண்ணீர்க் குடத்தைக்கூட இடுப்பில்தான் வைப்பான்.

இப்போது அந்தச் சீட்டுக்கு ஆபத்து வந்திருந்தது. பாயின் மருமகன் முஜீப் ரஹ்மான் ஷார்ஜாவிலிருந்து ஒரேயடியாகத் திரும்பிவிட்டான். அங்கே லாரி ஓட்டியவன். மருமகன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது பாயின் கண்ணை உறுத்தியது. போதாததற்கு வண்டியில் ஜிபிஎஸ் மாட்டியிருந்தார். வண்டி ஓடினால் போனில் பச்சை, நின்றால் சிவப்பு. உப்பு போய்ச் சேர்ந்ததா என்று கேட்பதை விட்டுவிட்டு, வண்டி என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்திருந்தார்.

"ஏம்பா கலியா, நீ ஓட்டுனா வழி பூரா செவப்பு," என்றார் பாய். "டீக்கு ஒரு செவப்பு, வெத்தலைக்கு ஒரு செவப்பு. இன்னிக்கு மாப்ள ஓட்டட்டும். நிக்காம ஓட்டிட்டார்னா வண்டி அவருக்கு. நீ பக்கத்துல உக்காரு. வாயத் தொறக்காத."

கலியனின் மனைவி சின்னப்பாப்பா இன்னும் உப்பளத்தில்தான் வேலை செய்கிறாள். விஷயத்தைக் கேட்டு அவள் அழவில்லை. "கூடை ஒண்ணு சும்மாதான் கெடக்குது. வந்து தூக்கு, தலைக்கும் வேலை வேணும் இல்ல," என்றாள்.

விடிந்தபோது நான்கு லாரிகளும் சென்னையின் ஓரத்தில் இருந்த நாலு இலைப் பாலத்துக்கு வந்துவிட்டன. மேலே ஒரு ரோடு, கீழே ஒரு ரோடு, நாலு மூலையிலும் இலை மாதிரி வளைந்து இறங்கும் பாதை. பாலத்தைத் தாண்டி வலது பக்கம் போனால் உப்பு அரைக்கிற மில். காலையில் லாரிகளுக்குத் தடை போடுவதற்குள் தாண்டியாக வேண்டும்.

வலது பக்கம் போக இடது இலையில் இறங்கிச் சுற்ற வேண்டும். முஜீப் அழகாக இறங்கினான். இறங்கியதும் சட்டென்று வலது பக்கம் ஏறி நடு ரோட்டுக்கு வந்துவிட வேண்டும். ஓரத்திலேயே போனால் அது அடுத்த இலைக்குள் கொண்டுபோய்விடும். கலியன் இங்கே ஹாரனில் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு வண்டியை நுழைப்பான். சுற்றியுள்ள கார்களெல்லாம் அவன் அம்மாவை விசாரிக்கும்.

முஜீப் அப்படிப்பட்டவன் இல்லை. "லாரின்னா ஓரத்து லேன்தான் அண்ணே. ஷார்ஜால லேன் மாறுனா முஹாலஃபா, குத்தம். ஃபைன் போட்டே கொன்னுடுவான்," என்றான். ஓரத்திலேயே போனான். அடுத்த இலை வந்தது. அதிலும் ஒழுக்கமாக இறங்கினான். அதற்கடுத்த இலையிலும்.

கலியன் வாயைத் திறக்கவில்லை. திறக்காதே என்பது முதலாளி உத்தரவு. தடை நேரம் வரட்டும், வண்டி மாட்டட்டும், சீட்டு தானாகத் திரும்பி வரும் என்று வெற்றிலையை மடித்தான்.

முதல் இலையின் வளைவில் ஒரு மனை விளம்பரம் நின்றது. 'நீங்கள் தேடிய இடத்துக்கு வந்துவிட்டீர்கள்' என்று எழுதி, ஒரு குடும்பம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அது இரண்டாம் முறை வந்தபோது முஜீப், "இந்தக் கம்பெனிக்கு நெறைய எடத்துல போர்டு இருக்குது," என்றான். மூன்றாம் முறை போர்டு பக்கம் திரும்பவே இல்லை.

கலியனின் போன் அடித்தது. கடைசி வண்டி ஓட்டுகிற சேட்டு.

"அண்ணே, இன்னிக்கு ரூட் நீளமா இருக்குதே. பாலத்த இழுத்துக் கட்டிட்டானுங்களா?"

"பேசாம பின்னாடி வாடா."

"வந்துகினுதான் இருக்கேன். தலை சுத்துது, அதான் கேட்டேன்."

இதற்குள் நடுவில் பஸ்களும் கார்களும் புகுந்து நான்கு லாரிகளும் பிரிந்துவிட்டன. முஜீப் முகத்தில் திடீரென்று வெளிச்சம். "அண்ணே, முன்னாடி பாருங்க, நம்ம ஊர் உப்பு வண்டி. அவனுக்கு வழி தெரிஞ்சிருக்கும். அவன் பின்னாடியே போயிடறேன்."

முன்னால் போனது சேட்டுவின் வண்டி. சேட்டு மூன்றாவது வண்டியைப் பார்த்துக்கொண்டு போனான். அது இரண்டாவதைப் பார்த்துக்கொண்டு போனது. இரண்டாவது முஜீப்பைப் பார்த்துக்கொண்டு வந்தது. எல்லாருக்கும் முன்னால் ஒரு வண்டி இருந்தது. எல்லாருக்கும் நிம்மதி.

கீழே நின்ற போக்குவரத்துப் போலீஸ்காரர் முஜீப்பைப் பார்த்து, "எங்கய்யா போவணும் உனக்கு?" என்று கத்தினார். முஜீப் முன்னால் போகிற வண்டியைக் கை காட்டினான். முன்னால் போன சேட்டுவும் அதைத்தான் செய்திருந்தான்.

பாய் போன் செய்தார். முஜீப் ஸ்பீக்கரில் போட்டான்.

"மாஷா அல்லாஹ் மாப்ள. ஊர்லேர்ந்து ஒரு எடத்துல நிக்கல. பச்சப் பசேல்னு இருக்குது. கலியன் ஓட்டி நான் இப்படிப் பாத்ததே இல்ல."

"டிராஃபிக் கொஞ்சம் இருக்குது மாமா."

"இருந்தா என்ன. வண்டி ஓடுதுல்ல, அதான் வேணும்."

கலியன் வாயில் வெற்றிலை கசந்தது. வழி சொன்னால் மருமகன் மில்லுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவான். சொல்லாவிட்டால் இப்படியே பச்சையாகச் சுற்றிக்கொண்டிருப்பான். எப்படிப் பார்த்தாலும் சீட்டு அவனுக்குத்தான். வண்டி ஒரு தடவை நின்று சிவப்பானால்தான் உண்டு.

"தம்பி, ஓரமா நிறுத்துங்க. ஒண்ணுக்கு வருது."

"பாலத்துல நிறுத்தக் கூடாது அண்ணே. முஹாலஃபா."

"இங்க எவனும் ஃபைன் போட மாட்டான், நிறுத்துங்க."

"நீங்க அடக்குங்க அண்ணே. நாங்க பாலைவனத்துலயே அடக்கி இருக்கோம்."

அடுத்த இலையில் தடுப்புக் கட்டை போட்டிருந்தார்கள். தடை நேரம் வந்துவிட்டது. முஜீப் முதலில், ஒரு சுற்று சுற்றி வந்த சேட்டு கடைசியில் என்று நான்கு உப்பு வண்டிகளும் வரிசையாக நின்றன. போலீஸ்காரர் வந்து, "இதுல யாரு முன்வண்டி?" என்று கேட்டார். நான்கு பேரும் அடுத்த வண்டியைக் கை காட்டினார்கள். வெயில் இறங்குகிற வரைக்கும் இங்கேயே கிடக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

கலியன் வெற்றிலையைத் துப்பினான். நினைத்தது நடந்துவிட்டது. அப்போது மறுபடி போன் அடித்தது.

"மாப்ள, என்ன திடீர்னு செவப்பாயிடுச்சு? நல்லாத்தான ஓடிகினு இருந்துச்சு. ஸ்டியரிங்க கலியன்கிட்ட குடுத்துட்டீங்களா?"

முஜீப் கலியனைப் பார்த்தான். கலியன் முஜீப்பைப் பார்த்தான்.

"ஆமா மாமா," என்றான் முஜீப். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அதான பாத்தேன். அவன் தொட்டா நின்னுடும். இனிமே குடுக்காதீங்க. வண்டி உங்களுது."

போன் அணைந்தது. முஜீப் நெடுநேரம் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். கலியன் சீட்டுக்கு அடியிலிருந்து தன் துண்டையும் செருப்பையும் எடுத்துக்கொண்டு இறங்கினான்.

வெயில் இறங்கி, கட்டையை எடுத்தார்கள். முஜீப் கதவு வழியாகத் தலையை நீட்டினான். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இங்கேர்ந்து எப்படி வெளிய போறதுன்னு மட்டும் சொல்லிடுங்க."

"முன்வண்டி நீங்கதான் தம்பி. நீங்க போற வழிதான் வழி."

கலியன் போய் சேட்டுவின் வண்டியில் ஏறினான்.

"எங்கண்ணே போறோம்?" என்றான் சேட்டு.

"வால விடாத. போ."

வரிசை நகர்ந்தது. கலியன் சின்னப்பாப்பாவுக்குப் போன் போட்டான். "அந்தக் கூடைய வேற யாருக்கும் குடுத்துடாத," என்றான்.

தூரத்தில், அடுத்த இலைக்கு முன்னால், முஜீப்பின் வண்டியில் இடது பக்க விளக்கு மின்ன ஆரம்பித்தது.