பவளப்பாறையில் ஒரு கொடுவா

தீக்காய வார்டில் மார்னிக்குக் கட்டு மாற்றும் நாள் என்றாலே மற்ற நர்சுகள் என் பக்கம் வர மாட்டார்கள். பதினொரு வயதுப் பெண். கடற்கரையில் மூட்டிய நெருப்பை அவள் அப்பா கிளென் தண்ணீர் ஊற்றி அணைக்காமல், மணலைத் தள்ளி மூடியிருந்தார். அடியில் கங்கு அப்படியே இருந்தது. மறுநாள் காலை அவள் அதன்மேல் கால் வைத்தாள். ஒவ்வொரு விடுமுறைக்கும் யாராவது ஒரு பிள்ளைக்கு இந்த முட்டாள்தனத்துக்காகக் கட்டுப் போட்டுப் போட்டு எனக்கு அலுத்துவிட்டது.

இதற்கு முன் இரண்டு முறையும் கட்டைப் பிரிக்க விடாமல் காலை உதறிவிட்டாள். மயக்கம் கொடுத்துத்தான் மாற்றினோம். விழித்ததும் நாள் முழுக்க வாந்தி. இன்று விழித்தபடி மாற்ற முடிந்தால் நாளைக்கு வீடு. முடியாவிட்டால் மறுபடி மயக்க மருந்து. "தூங்க வைக்காதீங்க சிஸ்டர்" என்று என் கையைப் பிடித்துக் கேட்டாள்.

இந்த முறை வார்டில் புதிதாக வி.ஆர். கண்ணாடி இருந்தது. போட்டுக்கொண்டால் கடலுக்கடியில் போய்விடலாம், பொத்தானை அழுத்தி மீனுக்கு இரை வீசலாம். வலிமருந்தும் கொடுத்திருந்தேன். கண்ணாடி மட்டும் போதும் என்று நம்புகிற ஆள் நானில்லை.

கண்ணாடியை அவளுக்கு மாட்டிவிட்டுக் கட்டைப் பிரித்தேன். முதல் சுற்று சுலபமாக வந்தது. அதற்குள் கிளென், "சாரிடா குட்டி, அப்பாவ மன்னிச்சிடு" என்றார். கால் வெடுக்கென்று உள்ளே போனது. அவர் குரலைக் கேட்டதும் அவள் கடலை விட்டு என் கத்தரிக்கோலுக்கு முன்னால் வந்துவிட்டாள்.

"கிளென், இன்னொரு சாரி வந்துச்சுன்னா வெளிய அனுப்பிடுவேன். அவ பாக்கறது அந்தத் திரையில தெரியும். அதப் பத்தி மட்டும் பேசுங்க."

இருபது வருஷமாக இறால் படகில் இருக்கிற மனுஷன். திரையை முறைத்தார்.

"என்ன இது? பவளப்பாறைல கொடுவா நிக்குது."

"நிக்கட்டுமே" என்றாள் மார்னி.

"எப்படி நிக்கும்? அது ஆத்து முகத்துவாரத்து மீன். இந்த வடக்குக் கடலே தெரியாத எவனோ மெல்பர்ன்காரன் செஞ்ச வேல."

"நீ பிடிக்காட்டி அது மீனே இல்லயாப்பா?"

கால் அசையவில்லை. குதிகாலுக்கு வந்துவிட்டேன். அங்கேதான் துணி ரணத்தோடு ஒட்டியிருந்தது. நனைத்து, மெல்லத் தூக்கினேன். கால் ஒருமுறை துடித்தது.

"அப்பா, பாறைக்குப் பின்னால பெரிசா ஏதோ இருக்கு."

கிளென் அப்போது திரையைப் பார்க்கவில்லை. சிவந்த குதிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முறைத்தேன். வாய்வரை வந்த சாரியை விழுங்கிக்கொண்டு திரைப்பக்கம் திரும்பினார்.

"அது கலவா மீன். கிழட்டுப் பய. முன்னூறு கிலோ தேறுவான். வீசாத, பொறு. வாயத் தொறக்கட்டும். இரு, இரு... இப்ப வீசு."

அவள் வீசினாள். நான் உரித்தேன்.

"முழுங்கிட்டான்ப்பா" என்று கத்தினாள். துணி மொத்தமும் என் கையில் இருந்தது.

புதுக் கட்டைப் போட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினேன். "ஏன் கழட்டுறீங்க? அவன் திரும்பி வர்றான்" என்று சண்டைக்கு வந்தாள். முடிந்துவிட்டது என்றேன். நம்பாமல் குனிந்து காலைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

மயக்க மருந்துக்குச் சொல்லிவைத்திருந்த அறுவை அரங்குக்குப் போன் செய்து இன்று தேவையில்லை என்று சொல்வதற்குள் இரண்டு முறை தப்பான எண்ணை அழுத்திவிட்டேன்.

"சிஸ்டர், அப்போ நான் சாப்பிடலாமா?"

மயக்க மருந்து தேவைப்பட்டாலும் படும் என்று விடிந்ததிலிருந்து அவளைப் பட்டினி போட்டிருந்தோம். டோஸ்ட் கொண்டுவர யாரையும் கூப்பிடத் தோன்றவில்லை. வார்டில் ஓடுகிற நர்சுகளை வாய் ஓயாமல் திட்டுகிற நான், சமையலறைவரை ஓடினேன்.