பட்டன் போட்டிருந்த கோட்டு

என் வீட்டுக்காரருக்கு ராணுவ உடுப்பு என்றால் உயிர். கரப்பான் பூச்சியைக் கண்டால் நாற்காலிமேல் ஏறுகிற மனிதர், பச்சையும் பழுப்புமாகத் திட்டுத்திட்டான சட்டையைப் போட்டுவிட்டால் மட்டும் நெஞ்சை நிமிர்த்தி நடப்பார். ஆறு பை வைத்த கால்சட்டை இரண்டு வைத்திருக்கிறார். ஆறிலும் போடுவதற்கு வீட்டுச் சாவியை விட்டால் வேறொன்றும் கிடையாது.

அன்றைக்கும் அதற்காகத்தான் என்னை இழுத்துக்கொண்டு போனார். பழைய ராணுவ உடுப்பும் தொழிற்சாலை உடுப்பும் மட்டுமே விற்கிற கடை. ஒருவன் உழைத்துக் கிழித்ததை இன்னொருவன் புதுசைவிட அதிக விலைக்கு வாங்குகிற கூத்தை அங்கேதான் பார்த்தேன். முழங்கால் தேய்ந்திருந்தால் ஒரு விலை, எண்ணெய்க் கறை இருந்தால் அதற்குமேல் ஒரு விலை. இந்தக் கறையைப் போக்கத் தேய்த்துத் தேய்த்துத் தோள்பட்டை இற்றுப்போனவர்கள் வந்து பார்க்க வேண்டும் என்று கடுப்போடு நின்றேன்.

"இங்க பாரு, எப்படி இருக்கு?"

கண்ணாடி முன்னால் நின்று கேட்டார். நீல வேலைக் கோட்டு. கோட்டின் வலது கையில் மணிக்கட்டிலிருந்து தோள்வரை ஒரே கோடாகச் சிவப்பு நூல் தையல், வேண்டுமென்றே பளிச்சென்று தெரிகிற மாதிரி. மார்புப் பையில் 417 என்ற எண்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. 417 நான்தான், கம்பெனியில் எனக்குக் கொடுத்த எண். அந்த எண்கூட இவருக்கு நினைவில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் தகடு வெட்டுகிற பிரஸ் மெஷின் என் மூன்று விரல்களைத் தின்றது. லீவரை யாரும் தொடவில்லை. தானாக இறங்கியது. இப்படி இறங்குகிறது என்று சூப்பர்வைசரிடம் அதற்கு முன்பே இரண்டு தடவை சொல்லியிருந்தேன். விசாரணையில் கம்பெனிக்காரர்கள் வேறு கதை கட்டினார்கள். கைப் பட்டனைப் போடாமல் நின்றாளாம், தொளதொளவென்று தொங்கிய கோட்டுக் கை லீவரில் மாட்டி இழுத்துவிட்டதாம். பட்டன் போட்டிருந்தேன், வேண்டுமானால் கோட்டைக் கொண்டுவந்து பாருங்கள் என்று தலைதலையாக அடித்துக்கொண்டேன். கோட்டைக் காணோம் என்றார்கள். கவனக்குறைவு என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டு, என் கையில் துடைப்பத்தைக் கொடுத்தார்கள்.

"ஊரு நம்பாட்டி என்ன, நான் நம்புறேன்" என்பார் இவர். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருடமும் அந்தக் கம்பெனி வாசலைக் கூட்டினேன்.

"கழட்டுங்க அத" என்றேன்.

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

கடைக்காரர் ஓடி வந்தார். இளவயது. "அண்ணனுக்குன்னே தச்ச மாதிரி இருக்கு. அந்தக் கறையப் பாத்தீங்களா? ஒரிஜினல் கிரீஸ். எத்தன தடவ துவச்சாலும் போகாது."

"அது கிரீஸ் இல்ல தம்பி. ரத்தம். என்னோடது." வலது கையை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். கடைக்காரர் ஓரடி பின்னால் போனார்.

"எங்கேருந்து வந்துச்சு இது?" என்று கேட்டேன்.

"கம்பெனி ஸ்டோர்ல கெடந்த பழசையெல்லாம் மூட்டையா ஏலம் விட்டாங்கக்கா. அதுல வந்துச்சு."

காணாமல் போன கோட்டு அவர்கள் ஸ்டோரிலேயே கிடந்திருக்கிறது. பாவிகள். நாசமாய்ப் போக.

"கோட்டுக் கை எப்படிக் கிழிஞ்சிருந்துச்சு?"

"கிழியலக்கா, கத்தரியால வெட்டியிருந்துச்சு. ஆனா பட்டன் மாட்டுனபடியே இருந்துச்சு. துருப்பிடிச்சு இறுகிப்போயி, குறடு வச்சுத்தான் கழட்டுனேன். தைக்கிறதுக்கு முன்னால படம் எடுத்து வச்சிருக்கேன், பாருங்க."

போனை நீட்டினார். மணிக்கட்டுப் பட்டன் கச்சிதமாக மாட்டியிருந்தது. அதற்கு ஒரு விரல் தள்ளித் துணி வெட்டுப்பட்டிருந்தது. முதலுதவி அறை நர்ஸுக்கு அன்று பட்டனைக் கழற்ற ஏது நேரம்? துணியை அப்படியே வெட்டிவிட்டார்.

வீட்டுக்காரர் போனைப் பிடுங்கிப் பார்த்தார். விரலால் பெரிதாக்கி மறுபடி பார்த்தார். முகமெல்லாம் பல்.

"அடடா! அப்போ நீ நெஜமாவே பட்டன் போட்டுத்தான் இருந்திருக்கே!"

கம்பெனிக்காரன் பொய் சொன்னான், அவனுக்கு அதில் லாபம் இருந்தது. நம்பாமலே நம்புறேன் என்று சொல்லிக்கொண்டு என் பக்கத்தில் படுத்துத் தூங்கிய இந்த மனிதருக்கு என்ன லாபம்? அந்தக் கடையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும்போல் கோபம் வந்தது. இவருக்கோ தான் என்ன சொன்னோம் என்பதே உறைக்கவில்லை.

"இத விடக்கூடாது. கேஸத் திரும்ப நடத்தணும். நானே முன்னால நிக்கிறேன், நீ பாரு!"

"கழட்டுங்க" என்றேன். என் குரலைக் கேட்டு இந்தத் தடவை மறுபேச்சில்லாமல் கழற்றினார். வாங்கி மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டேன்.

"தம்பி, நீங்க பாத்தத வந்து சொல்லுவீங்களா?"

"சொல்றேன்க்கா. பாத்ததச் சொல்றதுக்கு என்ன?"

"அது போதும்." வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். "கேஸ் போடத்தான் போறேன். நீங்க வர வேணாம்."