கெல்வின் வாங்கிய மாட்டுக் கொம்பு

கெல்வினுக்குப் பொய் சொல்ல வராது. முப்பத்தொரு வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் பெண்டாட்டி ரோண்டாவோடு பைக்கில் கிளம்புகிறவன் அவன். ஆளுக்கொரு வண்டி. முன்னால் அவன், பின்னால் அவள். கடலோரத்துப் பர்னியிலிருந்து மலை ஏறி, ஷெஃபீல்டு என்ற சிற்றூரில் ஸ்கோன் ரொட்டியும் ராஸ்பெரி ஜாமும் சாப்பிட்டுவிட்டு மத்தியானம் வீடு திரும்புவார்கள். அப்படிப்பட்ட மனுஷன் மார்ச்சிலிருந்து சாக்கு சொல்ல ஆரம்பித்தான். மழை வரும் என்றான். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. கோழிக்கூண்டுக்குக் கதவு போடணும் என்றான். கூண்டுக்கு ஏற்கெனவே கதவு இருந்தது.

ரோண்டாவும் பொறுத்துத்தான் பார்த்தாள். அவன் வண்டியை விளம்பரம் போட்டு விற்கப் போகிறான் என்பதை அவனுடைய சிநேகிதன் டூலி வாயால் கேள்விப்பட்டபோதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஆள் பார்க்க வருகிறதாம். கட்டிய பெண்டாட்டிக்கு ஒரு வார்த்தை கிடையாது!

"ஏன் விக்கிற?"

"வயசாச்சு."

"எனக்குந்தான் ஆச்சு. நான் என்ன வித்துட்டேனா?"

"உன்னோடது ஒரு வண்டியா? மாட்டுக் கொம்பப் பிடிச்சுக்கிட்டு நாற்காலியில உக்காந்து போற."

அவள் வண்டியின் உயரமான ஹேண்டில்பாருக்கு அவன் வைத்த பெயர் அது. அவனுடையது தாழ்ந்த கம்பி. நெஞ்சு பெட்ரோல் டேங்க்கில் படுகிற மாதிரி கவிழ்ந்து ஓட்ட வேண்டும். முப்பத்தெட்டு வயதில் அது அழகாகத்தான் இருந்தது. அறுபத்தொன்பதில் உடம்பின் பாரமெல்லாம் மணிக்கட்டில் இறங்கியது.

"நிமிந்து உக்காந்தா கை வலிக்காதுடா கிழவா. ஹேண்டில்பார மாத்து."

"கைவலின்னு யாரு சொன்னா? அந்தக் கொம்ப என் வண்டியில வெக்கிறதுக்கு வித்தே தொலைக்கலாம்."

சொல்லிவிட்டு எழுந்து போனான். மேஜைக்கு அடியில் அவன் கையை உதறிக்கொண்டிருந்ததை அவள் பார்க்கவில்லை என்று அவனுக்கு நினைப்பு. வீம்பு, அத்தனையும் வீம்பு என்று அவள் பல்லைக் கடித்தாள். அந்த வண்டி போனால் தன் சனிக்கிழமையும் போச்சு. தனியாகப் போய் ஸ்கோன் தின்பதற்கு அவள் என்ன அநாதையா?

ரோண்டா இருபத்தெட்டு வருஷம் பைக்கில் தபால் கொடுத்தவள். கேபிள் மாற்ற அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவனுக்குத் தெரியாமல் ஹேண்டில்பாரை மாற்றிவிடலாம், அளவுக்குத்தான் யோசித்தாள். ஆளை உட்கார வைத்து அளக்க முடியாதே! அப்போதுதான் புல்வெட்டும் வண்டி ஞாபகம் வந்தது. அதில் நாலு மணி நேரம் உட்கார்ந்து ஓட்டுவான், ஒரு முனகல் வராது. அன்றைக்கே ஒரு நூலை எடுத்துக்கொண்டு போய், அதன் சீட்டிலிருந்து ஸ்டியரிங் எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்று அளந்து இரண்டு முடிச்சுப் போட்டாள். அதற்குக் கிட்டத்தட்டத் தோதாக ஒரு ஹேண்டில்பாரும் வாங்கி, துணி துவைக்கும் அறையில் ஒளித்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கெல்வின் டூலியோடு மீன் பிடிக்கக் கடலுக்குப் போனான். ரோண்டா ஷெட்டுக்குள் நுழைந்தாள்.

பழைய கம்பியைப் பிடித்திருந்த நாலு போல்ட்டில் ஒன்றின் தலை மழுங்கிப் போயிருந்தது. "எந்தக் கழுதை பார்த்த வேலை இது?" என்று வாய்விட்டே திட்டினாள். டூலியாகத்தான் இருக்கும், அவன் தொட்டது எது உருப்பட்டது? ஒருவழியாக அதைக் கழற்றி, புதிய ஹேண்டில்பாரை மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு இடது பக்கம் முழுக்கத் திருப்பினாள். அவ்வளவுதான், வண்டி தானாகவே அலறியது. கோழிகள் கூண்டுக்குள் பறந்தன. அவசரமாக அணைத்தாள். கம்பி உயர்ந்துவிட்டது, ஆக்ஸிலேட்டர் கேபிள் பழைய நீளம். திருப்பினால் இழுக்காமல் என்ன செய்யும்?

"அறிவு கெட்டவளே," என்று தன்னையே திட்டிக்கொண்டாள். தபால் ஆபீஸில் புதுசாக வந்த பிள்ளைகூட இந்தத் தப்பைச் செய்யாது.

நீளமான கேபிள் எங்காவது கிடக்கும் என்று ஷெட்டைத் தலைகீழாகப் புரட்டினாள். பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால், சாக்கில் சுற்றி ஒரு நீளப் பெட்டி. திறந்தாள். உள்ளே நீளமான கேபிள்கள், புத்தம் புதுசு. கூடவே ஒரு ஹேண்டில்பார். கெல்வின் பெயரில் பில், மார்ச் மாதம்.

நூலை வைத்துப் பார்த்தாள். முடிச்சுக்குக் கச்சிதமாக வந்தது. அவள் வாங்கியதைவிட ஒரு விரற்கடை உயரம். மாட்டுக் கொம்பு என்று கேலி பேசின மனுஷன் அதைவிடப் பெரிய கொம்பாக வாங்கி ஒளித்து வைத்திருக்கிறான்! அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அந்த மழுங்கின போல்ட்டு ஞாபகம் வந்தது, சிரிப்பு நின்றது.

அது டூலி வேலை இல்லை. இவன்தான் மாற்றப் பார்த்திருக்கிறான். ஸ்பேனர் சரியாக உட்கார்ந்ததா என்று அவன் விரலுக்குத் தெரியவில்லை, வழுக்கி வழுக்கிப் போல்ட்டின் தலையை மழுக்கியிருக்கிறது. வீம்பே இல்லை, பாவி மனுஷனால் முடியவில்லை. ரோண்டா ஒரு பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, தான் வாங்கியதைக் கழற்றி வீசினாள். அவன் வாங்கியதை மாட்டினாள்.

நாலு மணிக்கு மீன் வாளியோடு வந்தவன் ஷெட் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"பெட்டியப் பாத்துட்டியா?"

"பாத்தேன். ஏண்டா சொல்லல?"

அவன் வாளியைக் கீழே வைத்தான். "பிரேக்கு, கிளட்ச் லீவரெல்லாம் முழுக் கையால இழுத்துடுவேன். சின்னச் சாமான்தான், விரலுக்கு அம்பிடவே மாட்டேங்குது. நாப்பது வருஷம் ஒர்க்‌ஷாப்புல நட்டு முடுக்குனவன் நான். பெண்டாட்டிகிட்ட வந்து, ஒரு நட்டு பிடிக்க முடியலன்னு சொல்லவா?"

"சொல்லணும். வேற யாருகிட்ட சொல்லுவ, கோழிகிட்டயா? திங்கக்கிழமை டாக்டர்கிட்ட போறோம். இப்ப ஏறி உக்காரு. கண்ண மூடு. கைய நீட்டு."

நீட்டினான். இரண்டு கையும் பிடியில் போய் அதுவாகவே உட்கார்ந்தன. முதுகு நிமிர்ந்திருந்தது. கண்ணைத் திறக்காமல், "எப்படி அளந்த?" என்றான்.

"புல்வெட்டுற வண்டியில."

அவன் தோள் குலுங்கச் சிரித்தான்.

கிளட்ச் லீவரில் ஒரே ஒரு சின்ன நட்டை அவள் போடாமல் வைத்திருந்தாள். அவன் வண்டிக்குக் கடைசி நட்டை அவன்தான் முடுக்குவான். அதை மட்டும் வேறு யாரையும் இத்தனை வருஷத்தில் தொட விட்டதில்லை. அந்த நட்டை அவன் உள்ளங்கையில் வைத்தாள். மரையில் வைத்தான், விழுந்தது. குனிந்து எடுத்தான், மறுபடி விழுந்தது. மூன்றாம் தடவை எடுத்தவன், கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, அவளிடம் நீட்டினான்.

"நீயே போடு, ரோண்டா."

அவள் போட்டாள்.

"இறுக்கிட்டியா?"

"ம்."

"இன்னொரு தரம் பாரு. நாளைக்கு அதப் பிடிச்சுக்கிட்டுத்தான் உன் பின்னால வரணும்."